டார்ச் சேகரிப்பு: எதைக் கையில் எடுப்பது, எதை அலமாரியில் வைப்பது?

நாலைந்து டார்ச் லைட் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. இருபது முப்பது சேர்ந்த பிறகு வந்தே தீரும்: இவற்றை உபயோகிப்பதா, பத்திரப்படுத்துவதா? வெளிச்சம் தரச் செய்த பொருளைப் பூட்டி வைப்பது அநியாயம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஒரு கீறல் விழுந்தால் போனது போனதுதான் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டு பேருமே கேள்வியை இடம் மாற்றிக் கேட்கிறார்கள் என்பது என் கருத்து. சேகரிப்பவர் எப்படிப்பட்டவர் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு டார்ச்சையும் தனியாகக் கையில் எடுத்து, "இதை உபயோகித்தால் எது தேயும்? தேய்ந்தது திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்க வேண்டும். கிடைக்கும் என்றால் தாராளமாக உபயோகிக்கலாம். கிடைக்காது என்றால் அதற்கு வேறு கவனிப்பு.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றுங்கள்

பழைய டார்ச்சுகள் பாழாவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே மறந்துபோன பேட்டரி. தினமும் உபயோகித்த டார்ச்சைவிட, ஆசையாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்த டார்ச்சுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஏனென்றால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரம். செல் தீர்ந்த பிறகும் உள்ளே ஹைட்ரஜன் வாயு மெல்ல உருவாகிக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடக்கூட ஒரு கட்டத்தில் செல்லின் அடைப்பு விட்டுக்கொடுக்கும். வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். அலுமினிய உடலை இந்தக் காரம் நேரடியாகவே அரித்துவிடும்.

அதற்கும் முந்தைய துத்தநாக-கார்பன் செல்லில் பிரச்சினை வேறு மாதிரி. அதன் வெளிக்கூடே துத்தநாகம்தான். மின்சாரம் தரத்தர அந்தக் கூடே கரைந்து, கடைசியில் ஓட்டை விழும். உள்ளிருந்து வருவது அம்மோனியம் குளோரைடோ துத்தநாக குளோரைடோ கலந்த, அமிலத்தன்மை கொண்ட பசை.

ஆகவே சுத்தம் செய்யும் முன் எந்த வகை செல் கசிந்தது என்று பாருங்கள். ஆல்கலைன் கசிவுக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சுக்குச்சி. துத்தநாக-கார்பன் கசிவுக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். மாற்றிச் செய்தால் இருக்கிற அரிப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காரம் கண்ணில் பட்டால் விளைவு மோசம். நுரைத்து அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, திறந்த நிலையிலேயே ஒரு நாள் காயவிடுங்கள். உடல் அட்டையாலோ ஃபைபராலோ (அழுத்திக் கெட்டியாக்கிய காகித நார்) ஆனது என்றால் உள்ளே எதையும் ஊற்றக் கூடாது. பிழிந்த பஞ்சால் உலோகப் பகுதியை மட்டும் தொடுங்கள்.

செல் வீங்கிக் குழாயோடு ஒட்டிக்கொண்டால் பொறுமை தேவை. தலைப்பகுதியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மரக்குச்சியால் தள்ளுவது நல்லது. உலோகக் குழாய் என்றால் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பொடி கரையக் கரைய முயலலாம். துளை போட்டு இழுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டது லித்தியம் செல் என்றால் துளை என்ற பேச்சுக்கே இடமில்லை, தீப்பிடிக்கும்.

படி 2: கையில் இருப்பது எது என்று அறிந்துகொள்ளுங்கள்

வரலாறு தெரியாமல் இந்த முடிவை எடுக்க முடியாது. 1899 ஜனவரி 10 அன்று டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் காப்புரிமை எண் 617,592 கிடைத்தது. குழாய்க்குள் வரிசையாக டி சைஸ் செல்கள், முன்னால் ஒரு சின்ன பல்பு, அதைச் சுற்றி ஒரு பித்தளை ரிஃப்ளெக்டர் என்ற வடிவம் அது. கான்ராட் ஹ்யூபர்ட் நடத்திய நிறுவனம் அதைத் தயாரித்தது; பின்னாளில் எவரெடி என்று உலகம் அறிந்தது அந்த நிறுவனத்தைத்தான். அன்றைய செல்லுக்குத் தொடர்ந்து மின்சாரம் தரும் வலு கிடையாது. பல்பில் இருந்ததோ கார்பன் இழை. ஒரு கணம் மின்னவிட்டு அணைப்பதுதான் வழக்கம். டங்ஸ்டன் இழை வந்த பிறகுதான் டார்ச் உண்மையில் உபயோகமான பொருளானது.

அடுத்து வருவது நிக்கல் முலாம் பூசிய பித்தளை, கறுப்பு ஃபைபர் உடல், நெளிநெளியான தகரக் குழாய் என்று நீளும் காலம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் வைத்திருந்த, தலை செங்கோணமாகத் திரும்பிய டிஎல்-122 இதில் ஒரு தனி ரகம். முதலில் பித்தளையிலும் பிறகு பிளாஸ்டிக்கிலும் வந்தது. அதன் வாரிசான எம்எக்ஸ்-991-இன் அடிமூடிக்குள் நிற வடிகட்டிகள் இருக்கும். அதே போர்க்காலத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் செய்த, கையால் அழுத்தி எரியவைக்கும் டைனமோ டார்ச்சும் சேகரிப்பவர்களுக்குப் பிரியமானது. பேட்டரியே இல்லாததால் கசிவு என்ற தொல்லை அதற்குக் கிடையாது.

1979-இல் மேக்லைட் என்ற அமெரிக்க டார்ச் வந்தது. டார்ச் என்றால் சாமான், தேய்ந்தால் தூக்கிப் போடலாம் என்ற எண்ணத்தை மாற்றியது அதுதான்: கடைந்த அலுமினிய உடல், ஓ-ரிங் என்ற ரப்பர் வளைய அடைப்பு, பின்மூடிக்குள் ஓர் உதிரி பல்பு. 1984-இல் இரண்டு ஏஏ செல்லில் எரியும் மினி மேக்லைட் வந்தது. பழைய மேக்லைட் ஒன்று கைக்கு வந்தால் முதலில் பின்மூடியைத் திறந்து உதிரி பல்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு எல்இடி. 1990-களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்இடி உருவானது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல எல்இடி மேல், நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூசி 1996-இல் நிச்சியா என்ற ஜப்பானிய நிறுவனம் வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல்பு டார்ச்சின் காலம் அங்கே முடியத் தொடங்கியது. 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளின் எல்இடி டார்ச்சுகளைப் பலர் "மங்கலானது, பழசு" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தொழில்நுட்பம் தடுமாறி நடக்கக் கற்றுக்கொண்ட காலத்தின் சாட்சிகள் அவை. அவற்றின் நீலம் பாய்ந்த வெளிச்சம் இன்றைய எல்இடியில் வராது.

படி 3: மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

ஒவ்வொன்றையும் எடுத்து, மேலே சொன்ன கேள்வியைக் கேளுங்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

உதிரிபாகம் கிடைக்கும், அதே மாடல் இன்னும் தயாராகிறது, அல்லது தேய்மானம் உடலில் விழும் கீறலோடு நின்றுவிடும் என்றால் அது உபயோகக் கூட்டம். இன்றைய அலுமினிய எல்இடி டார்ச்சுகளில் ஏறக்குறைய எல்லாமே இதில் வரும். ஒரு எல்இடி பல்லாயிரம் மணி நேரம் எரியும். நீங்கள் உபயோகிப்பதால் அது தீர்ந்துபோகும் என்று பயப்பட வேண்டாம்.

பல்பு, முலாம், ஃபைபர் உடல், அச்சிட்ட அட்டைப்பெட்டி என்று திரும்ப வராத எதுவோ தேயும் என்றால் அது காட்சிக் கூட்டம். கார்பன் இழை பல்போடு கிடைத்த ஆரம்பகால டார்ச்சை ஒருபோதும் எரியவிடாதீர்கள். அந்த இழை போனால் வரலாறும் அதோடு போகிறது.

மூன்றாவது, எப்போதாவது எரியவிடும் கூட்டம். டங்ஸ்டன் பல்பு டார்ச்சுகள், குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட கைவினை டார்ச்சுகள், முதல் தலைமுறை எல்இடி எல்லாம் இதில் சேரும். சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கூட்டம்தான். கவனிப்பும் இதற்குத்தான் அதிகம் தேவை.

ஒன்றை உபயோகிக்க, ஒன்றைப் பெட்டியில் வைக்க என்று எதையும் இரண்டாக வாங்கும் பழக்கம் பலரிடம் உண்டு. நடைமுறையில் இரண்டுமே பெட்டியில் கிடப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதலாவதைச் சில மாதம் பையில் போட்டுச் சுற்றுங்கள். அப்புறமும் அது இல்லாமல் முடியாது என்று தோன்றினால் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

படி 4: உபயோகிக்கும் டார்ச்சை அதன் வேலைக்குப் பொருத்துங்கள்

பெட்டியில் அச்சிட்ட லூமன் எண்ணைப் பார்த்து டார்ச்சை எடைபோடாதீர்கள். லூமன் என்பது எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கேண்டெலா. 2009-இல் வந்த, டார்ச்சுகளுக்கான ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவீட்டு முறை இரண்டையும் அளக்கும் விதத்தை ஒழுங்குபடுத்தியது. அதன்படி ஒளி எட்டும் தூரம் என்பது, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை (லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு). தெளிந்த இரவின் முழுநிலா வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் ஏதோ ஓர் உருவம் இருப்பது தெரியும். அது என்ன என்று தெரிய வேண்டுமானால் பாதித் தூரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இதை நீங்களே அளக்கலாம். ஒரு லக்ஸ் மீட்டரை 5 மீட்டர் தள்ளி வைத்து ஒளிக்கற்றையின் நடுமையத்தை அதன்மேல் விழவிடுங்கள். வந்த எண்ணைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டெலா. 400 லக்ஸ் காட்டினால் 400 × 25 = 10,000 கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம்: 200. மொத்த வெளிச்சத்தை ஒப்பிட, டார்ச்சை அறையின் கூரையை நோக்கி நிறுத்தி, கீழே ஒரே இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள். லூமன் எண் கிடைக்காது, ஆனால் இரண்டு டார்ச்சில் எது அதிகம் என்பது தெளிவாகத் தெரியும்.

எரியும் நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அதே அளவீட்டு முறையில், எரியத் தொடங்கி 30 வினாடிக்குப் பிறகு உள்ள வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணுகிறார்கள். ஆகவே முழு வெளிச்சம் சில நிமிடமே இருந்து, மிச்ச நேரமெல்லாம் மங்கலாக ஓடினாலும் பெட்டியில் நீளமான நேரமே வரும். உச்ச வெளிச்சத்தை விட்டுவிட்டு நடுத்தர நிலையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அன்றாட வேலை அந்த நிலையில்தான் நடக்கும்.

வெளிச்சத்தின் நிறமும் முக்கியம். 6500 கெல்வின் நீலவெள்ளை கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும். 4000 கெல்வின் பக்கம் வந்தால் மண், இலை, மரம் எல்லாம் இயல்பாகத் தெரியும். நிற உண்மையைக் குறிக்கும் சிஆர்ஐ 90-க்கு மேல் இருந்தால் சிவப்பு சிவப்பாகவே தெரியும். மின்கம்பிகளின் நிறம் பார்த்து வேலை செய்பவருக்கு இது கூடுதல் லூமனைவிடப் பயன் தரும். ஒரு தடவை நல்ல சிஆர்ஐ உள்ள டார்ச்சோடு இரவில் தோட்டத்துக்குள் நடந்து பார்த்தால், பழைய நீல வெளிச்சத்துக்குத் திரும்ப மனம் வராது.

படி 5: உபயோகிப்பதன் பராமரிப்பு

லித்தியம் அயான் செல்லில் தொடங்குவோம். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். பாதுகாப்புச் சுற்று உள்ள செல் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். எல்லா டார்ச்சிலும் நுழையாது. முழு சார்ஜில் 4.2 வோல்ட். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப்போன செல்லைத் திரும்ப சார்ஜ் செய்யாதீர்கள். உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகும் அபாயம் உண்டு. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் புது உறை போடும்வரை அந்த செல்லை ஒதுக்கி வையுங்கள்.

சிஆர்123ஏ போன்ற, சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் செல்களை இரண்டு இரண்டாகப் போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. முதலில் தீர்ந்துபோகும் செல்லை மற்றது தலைகீழாக ஓட்டும். மூடிய உலோகக் குழாய்க்குள் அது வெடிப்பதற்கு அவ்வளவு போதும்.

பக்கவாட்டில் மின்னணு ஸ்விட்ச் உள்ள டார்ச், அணைத்திருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். பைக்குள் தானாக எரிந்துவிடவும் செய்யும். ஆயிரக்கணக்கான லூமன் தரும் டார்ச் துணியோடு ஒட்டி எரிந்தால் துணி கருகும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் இரண்டும் நிற்கும், ஆனால் மரையில் மின்சாரம் கடத்தாத அனோடைசிங் பூச்சு இருந்தால் மட்டுமே. வெறும் உலோக மரை என்றால் தளர்த்தினாலும் மின்சாரம் ஓடும். செல்லை வெளியே எடுப்பதுதான் வழி.

மரையைச் சில மாதத்துக்கு ஒரு தடவை துணியால் துடைத்து, கறுப்பு மசி போனதும் ஓ-ரிங்குக்கு மெலிதாக சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். டார்ச் மினுக்கினால் ஸ்விட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டாமல், முதலில் குழாயின் விளிம்பையும் ஸ்பிரிங்கின் நுனியையும் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே சரியாகிவிடும்.

ரிஃப்ளெக்டரை மட்டும் துணியால் தொடாதீர்கள். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு, ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். எவ்வளவு மென்மையான துணியானாலும் கீறும். தூசு இருந்தால் ரப்பர் பல்ப் ஊதியால் காற்று ஊதுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

படி 6: பழைய பல்பு டார்ச்சை எரியவிடுவது எப்படி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் நல்ல பழைய பல்புகள் பெரும்பாலும் அவசரத்தில்தான் போகின்றன.

முதலில் பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்பின் கழுத்தில் வோல்ட் அளவோ மாடல் எண்ணோ பொறித்திருக்கும். பிஆர்2 என்றால் இரண்டு செல்லுக்கானது, 2.38 வோல்ட். மூன்று செல் டார்ச்சில் யாராவது தவறான பல்பைப் போட்டு வைத்திருக்கலாம். ஸ்விட்சை அழுத்தியதும் பளிச்சென்று எரிந்து போய்விடும்.

டங்ஸ்டன் பல்பின் ஆயுள் வோல்டேஜோடு மிகக் கூர்மையாக இணைந்தது. வோல்டேஜை வெறும் 5 சதவீதம் குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெளிச்சமோ 15 சதவீதம் அளவுக்கே குறையும். கண் அந்த இழப்பைக் கவனிப்பதுகூட இல்லை. இதை அறிந்தவருக்கு "உபயோகிப்பதா வைப்பதா" என்ற சண்டை பாதி அடங்கிவிடும். பல்பைத் தியாகம் செய்யாமலே டார்ச்சை எரியவிடலாம்.

அதற்கு எளிய வழி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை உபயோகிப்பது. ஆல்கலைன் புதிதாக 1.5 வோல்ட் என்றால் இது 1.2 வோல்ட். 2005-இல் சான்யோ அறிமுகம் செய்த எனலூப் முதல், வைத்திருந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகைகள் கிடைக்கின்றன. டி சைஸ் தேவை என்றால் ஏஏ செல்லை உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் கூடு கிடைக்கும். ஆல்கலைனைப் போல இவை கசிந்து உடலை அரிப்பதும் அபூர்வம். வெளிச்சம் சற்று மஞ்சளாகும். அந்த மஞ்சள் பழைய டார்ச்சுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

முதல் தடவை எரியவிடும்போது கீழ்நோக்கிப் பிடிக்காமல் கிடையாக வைத்து, இரண்டு மூன்று வினாடி மட்டும் எரியவிட்டு அணையுங்கள். வெளிச்சம் துடித்தால் ஸ்விட்சின் தகட்டில் ஆக்சைடு படிந்திருக்கும். நழுவு ஸ்விட்ச் என்றால் பேட்டரி இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை முன்னும் பின்னும் தள்ளினால் தகடு தானே உரசிச் சுத்தமாகும். உப்புத்தாள் வேண்டாம், தகட்டின் முலாம் போய்விட்டால் மறுபடி மறுபடி ஆக்சைடு பிடிக்கும்.

எரியும்போது ஆட்டாதீர்கள், தட்டாதீர்கள். சூடான இழை மென்மையானது, அதிர்ச்சியில் அறுந்துவிடும். ஹாலஜன் பல்பைக் கழற்றும்போது வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெயும் உப்பும் சூட்டில் அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கெடுக்கும்.

பழைய டார்ச்சுக்கு எல்இடி பல்பு வாங்கிப் போடலாமா? போடலாம், மூலப் பல்பைக் கழற்றி அதற்கான சின்ன டப்பாவில் பெயரெழுதி வைத்திருந்தால். சாதாரண பல்புக்கு எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்ற கவலை இல்லை. எல்இடிக்கு உண்டு. செல்லைத் திருப்பிப் போடும் பழைய மாடல்களில் அது எரியாது. உடலில் துளையிடுவது, மரையை வெட்டுவது, முலாமை உரிப்பது போன்ற திரும்ப முடியாத மாற்றத்தை மட்டும் செய்யாதீர்கள். இன்று உங்களுடையதாக இருக்கும் டார்ச் நாளை இன்னொருவர் கைக்குப் போகும் பொருள்.

அன்று எரியவிட்டதும் அன்றே செல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

படி 7: காட்சிக்கு வைப்பது

சுத்தம் செய்வதில் கைவைக்கும் முன் ஒரு நாள் யோசியுங்கள். நூறு வருடப் பித்தளையின் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. தேய்த்துப் பளபளப்பாக்கினால் அடியிலிருக்கும் எழுத்தும் கூடவே தேயும். நிக்கல் முலாமை பாலிஷ் போட்டால் மெல்லிய இடங்களில் பித்தளை வெளியே எட்டிப் பார்க்கும், திரும்ப மூட முடியாது. அமோனியா கலந்த பாலிஷைப் பித்தளைக்கு உபயோகிக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் பித்தளையை அமோனியா விரிசல் விடவைக்கும். மென்துணியால் தூசியைத் துடையுங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியால் மெல்ல எடுங்கள். பிறகு அருங்காட்சியகங்கள் உபயோகிக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெலிதாகத் தடவுங்கள், அது போதும். விரல்ரேகையின் உப்பு நாளடைவில் செம்பிலும் பித்தளையிலும் நிரந்தரத் தடமாகிவிடும் என்பதால் கையுறையோடு எடுப்பது நல்ல பழக்கம்.

வைக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தோலுறையோடு கிடைத்த பித்தளை டார்ச்சை அந்த உறைக்குள்ளேயே வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் பதனிட்ட தோலில் உள்ள அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கவைக்கும். உறையைப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே வைக்காதீர்கள். ரப்பர் பேண்டிலிருந்தும் கம்பளி விரிப்பிலிருந்தும் வரும் கந்தக ஆவி செம்பைக் கறுக்கச் செய்யும். பிவிசி உறைகள் பழசாகும்போது அமில ஆவி விடும். ஓக் மரப் பெட்டியும் பிளைவுட் பசையும் அப்படியே. பாலியூரிதேன் நுரை மெத்தைகள் சில வருடத்தில் பிசுபிசுத்து டார்ச்சில் ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் பையும், அமிலமில்லாத தாளும், பூச்சுப் போட்ட இரும்பு அல்லது கண்ணாடித் தட்டும் போதுமானவை.

காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானியும், நிறம் மாறிக் காட்டும் சிலிக்கா ஜெல்லும் மூடிய அலமாரிக்குப் போதும். ஈரப்பதம் ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம்; ஏறி இறங்கினால் ஃபைபர் உடல் விரிந்து சுருங்கி உலோக வளையத்திலிருந்து கழன்றுகொள்ளும். நேர் வெயில் படக் கூடாது. அட்டைப்பெட்டியின் சிவப்பு மையே முதலில் வெளுக்கும்.

பின்மூடியை முழுதாக இறுக்காமல் ஒரு சுற்று தளர்த்தி வையுங்கள். ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் ஓய்வில் இருக்கட்டும்.

பெட்டி, விலைச்சீட்டு, உபயோகக் குறிப்பு, உதிரி பல்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியின் அச்சிலிருந்துதான் பல நேரம் ஒரு மாடலின் காலத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது.

படி 8: எந்தப் பக்கமும் சேராதவை

செம்பு, பித்தளை, டைட்டானியம் உடலில் வரும் இன்றைய டார்ச்சுகளை வைத்துக்கொண்டு குழம்புபவர்கள் நிறைய. செம்பு வெப்பத்தை ஏறக்குறைய 400 வாட்/மீட்டர்-கெல்வின் அளவில் கடத்தும். வழக்கமான 6061 அலுமினியம் 170-ஐ ஒட்டி. டைட்டானிய உலோகக்கலவையோ வெறும் 7. ஆகவே டைட்டானிய டார்ச்சை உச்ச வெளிச்சத்தில் ஓட்டினால் எல்இடியின் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். வெளிச்சம் சீக்கிரம் தானாகக் குறையும். அதைக் குறைந்த வெளிச்சத்தில் அன்றாடம் பையில் சுமக்கலாம். கீறலும் அதற்கு அழகுதான். செம்பை எடுத்தால், கைபடக் கைபட நிறம் மாறுவதே அதன் சுவை. அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பளபளப்பைக் காப்பாற்றுவது வீண் உழைப்பு என்று நினைக்கிறேன்.

டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு நிரப்பி, இருட்டில் தானே ஒளிரும் குழாய் பதித்த டார்ச்சைப் பத்திரப்படுத்தி ஒரு லாபமும் இல்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். நீங்கள் பெட்டியில் வைத்தாலும் கையில் வைத்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒளிரும் காலத்தில் உபயோகித்து அனுபவியுங்கள்.

படி 9: பதிவேடும் கைமாற்றமும்

ஒரு நோட்டோ, கணினியில் ஒரு அட்டவணையோ தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மாடல், உத்தேசக் காலம், எங்கிருந்து வந்தது, உள்ளே இருக்கும் பல்பு மூலப் பல்பா, நீங்கள் செய்த மாற்றம் என்ன, கடைசியாகத் திறந்து பார்த்த தேதி. கடைசி வரிதான் உண்மையில் டார்ச்சைக் காப்பாற்றும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தத் தேதிகளைப் பார்த்து, பழசாகிப்போனவற்றைத் திறந்து பாருங்கள். லித்தியம் அயான் செல்களைத் தனியாக, பாதி சார்ஜில், அதாவது 3.7 முதல் 3.8 வோல்ட் அளவில், குளிர்ச்சியான இடத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். முழு சார்ஜும் வெயில் சூடும் சேர்ந்தால் உபயோகிக்காமலேயே செல் கிழடாகிவிடும்.

மூன்று கூட்டங்களும் நிரந்தரம் அல்ல. தயாரிப்பு நின்றுபோன மாடல் உபயோகக் கூட்டத்திலிருந்து மெல்ல நகரும். உதிரிபாகம் கிடைக்கத் தொடங்கியது அலமாரியிலிருந்து கைக்கு வரும். வருடத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

விற்கும்போதோ ஒருவருக்குக் கொடுக்கும்போதோ பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து டார்ச்சோடு அனுப்புங்கள். நீங்கள் மாற்றிய பல்பு, போட்ட எல்இடி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூலப் பாகங்களும் கூடவே போக வேண்டும். செல்லை உள்ளே வைத்து அனுப்பாதீர்கள். கழித்துவிடப் போகும் லித்தியம் செல்களின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பையில் போட்டால் உரசித் தீப்பிடிக்கும்.